பட்டமும் பிறப்பும்: காரைக்கால் – நாகைக் கடற்கரைச் சான்றுகள் வழிச் சோழர் காலச் சிறப்புப் பெயர்கள்

ஆய்வுச் சுருக்கம்

சோழர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவரையன் முதலிய சிறப்புப் பெயர்கள் மிகுதியாக இடம்பெறுகின்றன. இவற்றை ஐரோப்பியப் பிரபுத்துவப் பட்டங்களுக்கு நிகரானவையாகக் கருதும் போக்கும், இன்றைய குடும்பப் பட்டங்களின் நேரடி மூலமாகக் கருதும் போக்கும் பரவலாக உள்ளன. காரைக்காலுக்கு அண்மையிலுள்ள நாகைக் கடற்கரையைச் சார்ந்த ஆனைமங்கலச் செப்பேடுகள் இரண்டையும் அடிப்படையாகக் கொண்டு, பிற கல்வெட்டுச் சான்றுகளையும் ஒப்பிட்டு, இப்பெயர்களின் அமைப்பையும் பயன்பாட்டையும் இக்கட்டுரை ஆராய்கிறது. சோழர் காலத்தின் முற்பகுதியில் பட்டம் என்பது அரசன் ஒருவனது பணிக்காக அவனுக்கு அளித்த தனிப்பெயரே, பிறப்புரிமை அன்று. பிற்பகுதியில் அது குடிவழிப் பெயராக நிலைபெறத் தொடங்கியதும் அரசதிகாரத்தின் இயல்பே மாறியது. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: ஆனைமங்கலச் செப்பேடு, மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவரையன், பெருந்தரம், காரைக்கால், திருமலைராயன்பட்டினம்

1. முன்னுரை

காரைக்காலுக்குத் தெற்கே நாகப்பட்டினம் செல்லும் சாலையில் திருமலைராயன்பட்டினம் என்னும் ஊர் உள்ளது. அதனருகே ஓடும் ஆற்றுக்கும் திருமலைராயன் ஆறு என்றே பெயர். 15ஆம் நூற்றாண்டில் விசயநகர அரசின் சார்பில் சோழமண்டலத்தில் ஆட்சி செய்த சாளுவ மரபினனான திருமலைராயனின் பெயர் அவ்வூருக்கு வழங்குகிறது. காளமேகப் புலவர் பற்றிய கதைகளால் தமிழ் மக்கள் நன்கறிந்த பெயர் அது. இப்பெயரின் ஈற்றிலுள்ள 'ராயன்' என்னும் சொல் இக்கடற்கரையில் ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊர்ப்பெயரிலும் ஆற்றுப்பெயரிலும் வாழ்கிறது. அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே 'அரையன்', 'ராயன்' என்னும் ஈறுகளைக் கொண்ட பெயர்கள் இதே நிலப்பகுதியைச் சார்ந்த அரசாணைகளில் எழுதப்பட்டுள்ளன.

அப்பெயர்களைத் தாங்கியவர்கள் யாவர்? அவர்கள் பிறப்பால் உயர்குடியினரா, அரசுப் பணியால் உயர்ந்தவர்களா? இவ்வினா வரலாற்றறிஞரிடையே நெடுங்கால விவாதத்திற்குரியது. சோழ அரசைக் கட்டுக்கோப்பான நிருவாகம் உடையதாகக் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் சித்திரித்தார். பர்ட்டன் ஸ்டெயின் 1980இல் வெளியிட்ட நூலில் இதை மறுத்தார். சோழ மன்னரின் ஆட்சி பெரும்பாலும் சடங்கு நிலையிலானது என்றும், உண்மை அதிகாரம் நாட்டுத் தலைவர்களிடமே இருந்தது என்றும் வாதிட்டார். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுயி ஆகியோர் சோழர் கல்வெட்டுகளிலுள்ள ஆட்பெயர்களைத் தொகுத்து 1978இல் சொல்லடைவாக வெளியிட்டனர். அதன்பின் இவ்விவாதம் ஊகத்திலிருந்து பெயராய்வுக்கு நகர்ந்தது. பட்டங்கள் எப்போது, எவருக்கு, எவ்வடிவில் வழங்கப்பட்டன என்பதைக் கொண்டு அரசின் இயல்பை அளவிடலாம் என்பதை அவர்களது ஆய்வுகள் உணர்த்தின.

பொதுமக்கள் மனத்தில் பதிந்துள்ள சோழர் காலப் படிமம் வேறு. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்' புதினமும் அதன் வழிவந்த கதைகளும் சிற்றரசர், தளபதி, அமைச்சர் என்ற படிநிலையை வாசகர் உள்ளத்தில் நிறுத்தியுள்ளன. புனைகதைக்கு அவ்வமைப்பு போதுமானது. கல்வெட்டுகள் காட்டும் அமைப்போ அதனினும் நுட்பமானது. சில இடங்களில் அதற்கு மாறானது.

2. சான்றுகளின் களம்

காரைக்கால் பகுதி 1739இல் தஞ்சை மராத்திய மன்னர் சாகுஜியிடமிருந்து பிரஞ்சுக்காரர் வசம் வந்தது. சுற்றிலும் தஞ்சை மாவட்டம் ஆங்கிலேயர் ஆட்சியில் இருக்க, இச்சிறு நிலப்பகுதி மட்டும் 1954 வரை பிரஞ்சு ஆட்சியில் நீடித்தது. இப்பகுதிக் கல்வெட்டுகளின் வாசகங்கள் புதுச்சேரிக் கல்வெட்டுகளுடன் சேர்த்து, 2006ஆம் ஆண்டு முதற்கொண்டு வெளிவந்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுத் தொகுதிகளில் இடம்பெற்றன. ஆட்சியெல்லை தனித்திருந்த போதிலும் வரலாற்றெல்லை தனித்ததன்று. திருநள்ளாறு, காரைக்கால், நாகப்பட்டினம், தரங்கம்பாடி, காவிரிப்பூம்பட்டினம் ஆகியன ஒரே கழிமுகக் கடற்கரையின் ஊர்கள். ஆதலின் இக்கட்டுரை அக்கடற்கரையை ஒரே களமாகக் கொள்கிறது.

இக்களத்தின் தலையாய சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். நெதர்லாந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றமையால் இவை லெய்டன் செப்பேடுகள் என்றும் வழங்கப்பெறும். பெரிய செப்பேடு முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டு (கி.பி. 1006) ஆணையைக் கூறுகிறது. நாகப்பட்டினத்தில் கடாரத்தரசன் எடுப்பித்த சூளாமணிவர்ம விகாரத்திற்கு ஆனைமங்கலம் என்னும் ஊர் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டது. அவ்வூரின் பரப்பு ஏறத்தாழ 97 வேலி. ஆண்டு வருவாய் 8943 கலத்துக்குச் சற்று மேற்பட்ட நெல். சிறிய செப்பேடு முதலாம் குலோத்துங்கனின் 20ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 1090) வழங்கப்பெற்றது. இரண்டுக்கும் இடையே 84 ஆண்டுகள் உள்ளன. ஒரே ஊரையும் ஒரே அறநிறுவனத்தையும் பற்றிய இரு அரசாணைகள் இவ்வளவு இடைவெளியில் கிடைப்பது அரிது. எனவே பட்டங்களின் போக்கை அறிய இவை பொருத்தமான சான்றுகளாகும்.

3. முன்னை மரபு

பட்டம் வழங்கும் வழக்கம் சோழப் பேரரசுக்கு முற்பட்டது. ஏனாதி, காவிதி, எட்டி என்னும் பட்டங்களைச் சங்க இலக்கிய உரைகள் குறிப்பிடுகின்றன. படைத்தலைமைக்கு ஏனாதி, நிருவாகத்திற்குக் காவிதி, வணிகருக்கு எட்டி. ஏனாதிப் பட்டத்தின் அடையாளமாக மோதிரமும், எட்டிப் பட்டத்தின் அடையாளமாகப் பொற்பூவும் அளிக்கப்பட்டன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் வணிகக் குழுவைச் சார்ந்த ஒருவர் 'காவிதி' எனக் குறிக்கப்பெறுகிறார். ஆகவே இவை இலக்கியக் கற்பனை அல்ல.

பாண்டிய நாட்டு ஆனைமலைக் கல்வெட்டு (கி.பி. 770) மேலும் தெளிவான செய்தியைத் தருகிறது. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் உத்தரமந்திரியாக இருந்தவன் மாறன் காரி. அவனுடைய பட்டம் மூவேந்த மங்கலப் பேரரையன். அவன் இறந்தபின் அவன் தம்பி மாறன் எயினன் உத்தரமந்திரியானான். ஆனால் தம்பியின் பட்டம் பாண்டி மங்கல விசையரையன். பதவி அண்ணனிடமிருந்து தம்பிக்குச் சென்றது, பட்டம் செல்லவில்லை. குடும்பம் ஒன்றே, பதவியும் ஒன்றே; பட்டம் மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. பட்டமும் பதவியும் வெவ்வேறு என்பதும், பட்டம் மரபுரிமையாக இறங்கவில்லை என்பதும் இதனால் பெறப்படும்.

4. பெயரின் உறுப்புகள்

சோழர் ஆவணங்களில் அரசுப் பணியாளர் ஒருவரின் முழுப்பெயர் நான்கு உறுப்புகளைக் கொண்டது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருநாயன்மார்களின் செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்த அதிகாரியின் பெயரை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கோயிலின் ஸ்ரீகாரியக் கண்காணியாக இருந்த அவர் 'பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான்' எனக் குறிக்கப்பெறுகிறார்.

இதில் 'பொய்கைநாடு கிழவன்' என்பது நிலவுடைமையையும் ஊர்த்தொடர்பையும் குறிக்கிறது. கிழவன், கிழான், உடையான் என்னும் சொற்கள் ஒரு பொருளன. 'ஆதித்தன் சூரியன்' என்பது தந்தை பெயரும் இயற்பெயரும். 'ஆன' என்னும் இணைப்புச் சொல்லுக்குப் பின்வரும் 'தென்னவன் மூவேந்தவேளான்' என்பது பட்டம். கோயிற் கண்காணிப்பு என்பது பதவி.

இவ்வமைப்பை ஐரோப்பியப் பட்ட அமைப்புடன் ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். இங்கிலாந்தில் 1337இல் மூன்றாம் எட்வர்டு தன் மகனைக் கார்ன்வால் டியூக் ஆக்கினான். அங்கே ஊரும் பட்டமும் ஒரே சொற்றொடரில் பிணைந்துள்ளன. பட்டமே ஓர் ஊரின் தலைமையைச் சுட்டுகிறது, மகனுக்கு இறங்குகிறது. சோழநாட்டில் ஊர்த்தொடர்பு 'ஆன' என்பதற்கு முன்னர் நிற்கிறது. பட்டம் பின்னர் நிற்கிறது. ஆதித்தன் சூரியன் பொய்கைநாடு கிழவனாக இருப்பதற்கு அரசனின் பட்டம் தேவையில்லை. அது அவனுக்கு முன்பே உள்ளது. அரசன் அளித்தது அதன்மேல் ஒரு பெயர் மட்டுமே. எனவே மூவேந்தவேளானை 'பிரபு' என்றோ 'கோமான்' என்றோ மொழிபெயர்ப்பது பிழைபட்ட படிமத்தைத் தரும். உரிய ஒப்புமையை நாடினால் முகலாயரின் மன்சப் முறையே ஓரளவு பொருந்தும். அதுவும் பணியின் பொருட்டு அரசன் அளித்த தரம். மகனுக்குத் தானாக இறங்காதது.

பட்டமும் இரு கூறுகளாகப் பிரியும். முற்கூறு பெரும்பாலும் அரசனின் பெயர் அல்லது விருதுப்பெயர்: மும்முடிச்சோழ, இராசேந்திரசோழ, உத்தமசோழ, தென்னவன். பிற்கூறு வகைப்பெயர்: மூவேந்தவேளான், பிரமராயன், பல்லவரையன், பேரரையன், விழுப்பரையன். முற்கூறு யாருடைய காலத்தில், யார் பெயரால் அளிக்கப்பட்டது என்பதையும், பிற்கூறு பெற்றவர் எவ்வகையினர் என்பதையும் காட்டும். ஆண்டு சிதைந்த கல்வெட்டுகளைக் காலவரிசைப்படுத்த முற்கூறு துணைபுரிகிறது என்பது கல்வெட்டாய்வாளர் அறிந்ததே.

5. மூவகையினர்

பிற்கூறுகளை நோக்கின் முற்காலச் சோழர் ஆட்சியில் உயர்நிலையினர் மூவகையினராகக் காணப்படுகின்றனர்.

முதலாமவர் வேளாண் நிலவுடைமையாளர். கிழான், உடையான் எனச் சுட்டப்பெறும் இவர்களே மூவேந்தவேளான் என்னும் பட்டத்தைப் பெரிதும் பெற்றவர்கள். முதலாம் இராசராசன், முதலாம் இராசேந்திரன் காலங்களில் மிகுதியாக வழங்கிய பட்டம் இதுவே. அரசு விரிவடைந்து, நிலம் அளக்கப்பட்டு, வரி பதிவு செய்யப்பட்ட அதே காலத்தில் இப்பட்டம் பெருகியமை தற்செயலன்று. ஊர்த் தலைவர்களாக இருந்தோர் அரசின் பணியாளராக ஈர்க்கப்பட்டமையை இது காட்டுகிறது. ஸ்டெயின் கூறியவாறு அவர்கள் நாட்டுத் தலைவர்களே. ஆயினும் அரசன் பெயரைத் தம் பெயரோடு ஏற்றுக்கொண்டு, தம் ஊருக்கு அப்பால் பணியாற்றிய தலைவர்கள்.

இரண்டாமவர் பிராமண அதிகாரிகள். பிரமராயன், பிரமாதிராசன், பிரமமாராயன் என்பன இவர்தம் பட்டங்கள். சுந்தரசோழன் காலத்து அன்பில் செப்பேடு போற்றும் அநிருத்தப் பிரமாதிராசன் இவ்வகையினர். முதலாம் இராசராசனின் சேனாபதியான கிருஷ்ணன் இராமன் மற்றொருவர். உய்யக்கொண்டார் வளநாட்டு வெண்ணாட்டுக் கேரளாந்தகச் சதுர்வேதிமங்கலத்தைச் சார்ந்த இவர் மும்முடிச்சோழப் பிரமமாராயன் என்னும் பட்டம் பெற்றவர். தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்றுமாளிகையை அரசன் ஆணையால் எடுப்பித்தவர்.

மூன்றாமவர் பழங்குடி மன்னர் வழியினர். பழுவேட்டரையர், கொடும்பாளூர் இருக்குவேளிர், மலையமான்கள், வாணகோவரையர் ஆகியோர் இவ்வகையினர். இவர்கள் பெயர் அரசன் அளித்ததன்று, குடிவழி வந்தது. பிறப்பால் உயர்குடி என்று கூறத்தக்கோர் இவர்களே. ஆனால் முதலாம் இராசராசன் காலத்திற்குப் பின் பழுவேட்டரையர், இருக்குவேளிர் போன்ற குடிகள் கல்வெட்டுகளிலிருந்து பெரிதும் மறைகின்றன. பிறப்புவழி உயர்குடியின் இடத்தைப் பட்டம் பெற்ற பணியாளர் நிரப்பினர் என்று கொள்ள இது இடந்தருகிறது.

இம்மூவகைக்கும் குறுக்கே செல்வது தரப் பாகுபாடு. பெருந்தரம், சிறுதரம் என்னும் இரு தரங்கள் அதிகாரிகளிடையே இருந்தன. பாம்புணிக்கூற்றத்து அரைசூருடையான் ஈராயிரவன் பல்லவயனான மும்முடிச்சோழப் போசன் என்பவர் தஞ்சைக் கல்வெட்டுகளில் இராசராசனின் பெருந்தரத்தவர் எனக் குறிக்கப்பெறுகிறார். இங்கே தரம் வேறு, பட்டம் வேறு, ஊருடைமை வேறு என்பது ஒரே பெயரில் வெளிப்படுகிறது.

பட்டம் உயர்குடிக்கு மட்டும் உரியதன்று என்பதற்கும் தஞ்சைக் கோயிலிலேயே சான்றுண்டு. கோயிலை அமைத்த தச்சனின் பெயர் வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். அக்கோயிற் பணியாளரிடையே இராசராசப் பெருநாவிசன் என்னும் பட்டம் பெற்ற நாவிதரும் இருந்தார். ஆடல்மகளிர் தலைக்கோலி என்னும் பட்டம் பெற்றனர். தச்சருக்கும் நாவிதருக்கும் அரசன் தன் பெயரையே முற்கூறாக அளித்தான் எனில், அம்முற்கூறு குலவுயர்வைக் குறிப்பதாகக் கொள்வதற்கில்லை; பணியுயர்வையே குறிக்கும்.

6. ஆனைமங்கலச் செப்பேடுகள் இரண்டும்

பெரிய செப்பேட்டின் தமிழ்ப் பகுதி அரசாணை ஒன்று எவ்வாறு உருப்பெற்றது என்பதைப் படிப்படியாகக் கூறுகிறது. அரசன் வாய்மொழியாக ஆணையிடுகிறான். திருமந்திர ஓலை எழுதுவோன் அதை எழுதுகிறான். ஓலை நாயகங்கள் ஒப்பிடுகின்றனர். பின்னர் அது புரவுவரித் திணைக்களத்துக்குச் சென்று, வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலிடு, பட்டோலை முதலிய பொறுப்பினர் முன்னிலையில் வரிக்கணக்கில் ஏறுகிறது. ஒவ்வொரு நிலையிலும் உரியவர் பெயர் எழுதப்பட்டுள்ளது.

இப்பெயர்ப் பட்டியலில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அரசன் வாய்மொழியை முதலில் எழுத்தாக்கிய திருமந்திர ஓலைக்காரர் விளத்தூர் கிழவன் அமுதன் தீர்த்தகரன். அவர் பெயரில் பட்டம் இல்லை. அரசனுக்கு மிக அண்மையில் நின்ற பணியாளர் பட்டமின்றியே பணியாற்றினார். எனவே பதவி உள்ளவரெல்லாம் பட்டம் உடையவர் அல்லர். இரண்டாவது, ஓலை நாயகங்களில் ஒருவராகக் கிருஷ்ணன் இராமனான மும்முடிச்சோழப் பிரமமாராயன் காணப்படுகிறார். தஞ்சைக் கல்வெட்டில் சேனாபதியாகத் திகழ்பவர் இங்கே ஆவணத் துறையில் பணியாற்றுகிறார். படைத்துறை, ஆவணத்துறை என்ற எல்லை அவர் பட்டத்தைப் பாதிக்கவில்லை. பதவி மாறும், பட்டம் ஆளோடு நிற்கும்.

அவருடைய மகன் அருமொழி முதலாம் இராசேந்திரன் காலத்துப் படைத்தலைவர். அவர் பட்டம் உத்தமசோழப் பிரமமாராயன். தந்தையின் 'மும்முடிச்சோழ' என்னும் முற்கூறு மகனுக்கு வரவில்லை. ஆனைமலையில் அண்ணன் தம்பியரிடம் கண்ட அதே நிலையை ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்குப் பின் தந்தை மகனிடம் காண்கிறோம். குடும்பச் செல்வாக்கு மகனுக்கு வழிதிறந்திருக்கலாம். பட்டத்தை அவன் புதிதாகவே பெறவேண்டியிருந்தது.

சிறிய செப்பேட்டில் காட்சி சற்று மாறுகிறது. கடாரத்தரசனின் தூதர் இருவர் நாகப்பட்டினத்துப் பள்ளிகளுக்குரிய ஊர்களின் வரிநீக்கத்தை வேண்டுகின்றனர். இராசவித்யாதர ஸ்ரீசாமந்தன், அபிமானோத்துங்க ஸ்ரீசாமந்தன் என்பன அவர்தம் பெயர்கள். ஆயிரத்தளி அரண்மனையில் இருந்த குலோத்துங்கன், அதிகாரி இராசேந்திரசிங்க மூவேந்தவேளானும் சந்திவிக்கிரகி இராசவல்லவப் பல்லவரையனும் சேர்ந்து ஆணையை நிறைவேற்றுமாறு பணிக்கிறான். மூவேந்தவேளானும் பல்லவரையனும் இங்கே அருகருகே நிற்கின்றனர். அயல்நாட்டுறவுக்குரிய சந்திவிக்கிரகியின் பட்டம் பல்லவரையன் என்பது கருதத்தக்கது. சோழர் கல்வெட்டுகளை ஒட்டுமொத்தமாக நோக்கின், குலோத்துங்கனுக்குப் பின் மூவேந்தவேளான் குறைந்து, அரையன், ராயன் ஈற்றுப் பட்டங்கள் மேலோங்குகின்றன. 1090ஆம் ஆண்டுச் செப்பேடு அம்மாற்றத்தின் இடைநிலையைக் காட்டுகிறது. வேளான் என்பது உழுகுடித் தொடர்பை உணர்த்தும் சொல். அரையன் என்பது அரசன் என்பதன் திரிபு. பணியாளர் பெயர் வேளாண்மையிலிருந்து அரசுரிமைச் சொல்லுக்கு நகர்ந்ததில் அக்கால மனநிலையின் மாற்றம் தென்படுகிறது.

7. பட்டம் காவாமையும் பட்டம் நிலைபெறலும்

பட்டம் பெற்றோர் தண்டனைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். உடையார்குடிக் கல்வெட்டு இதற்குச் சான்று. இரண்டாம் ஆதித்தனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் முதலியோரை அது பெயர் சுட்டிக் கூறுகிறது. இருவர் பட்டம் பெற்றவர்கள். முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில், இவர்களுடையனவும் இவர்தம் உறவினருடையனவுமான உடைமைகள் அரசாணையால் பறிக்கப்பட்டன. பட்டம் அரசனோடு கொண்ட உறவின் அடையாளம். உறவு முறிந்தபின் அது காப்பாக நிற்கவில்லை.

12ஆம் நூற்றாண்டில் நிலை வேறாகிறது. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இரண்டாம் இராசாதிராசனின் எட்டாம் ஆட்சியாண்டுக்குரியது. திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பியான பல்லவராயர் அரசுரிமைச் சிக்கலின்போது அரச குடும்பத்துக் குழந்தைகளைப் பாதுகாத்து, இராசாதிராசனை அரியணையில் அமர்த்தியதை அது விரிவாகக் கூறுகிறது. அவர் இறந்தபின் அவருடைய குடும்பத்தினருக்கு இறையிலி நிலம் வழங்கப்பட்டது. அவருக்கு அடுத்துப் பொறுப்பேற்று ஈழப்படையை எதிர்கொண்டவர் வேதவனமுடையான் அம்மையப்பனான அண்ணன் பல்லவராயர். இங்கும் பட்டம் மகனுக்கு இறங்கவில்லை. ஆயினும் பட்டத்தின் பயனாகிய நிலம் குடும்பத்துக்கு இறங்கியது. ஊருக்கே அப்பட்டத்தின் பெயர் நிலைத்தது. அரசனை ஆக்குபவன் அமைச்சன் என்ற நிலையும் தோன்றிவிட்டது.

அடுத்த நிலையைக் காடவராயர் வரலாறு காட்டுகிறது. சோழர்க்குக் கீழ்ப் பணியாற்றிய குடியில் வந்த கோப்பெருஞ்சிங்கன், மூன்றாம் இராசராசனைச் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தான். போசள மன்னன் நரசிம்மனின் தண்டநாயகர் 1231–32இல் சோழனை மீட்டதைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு கூறுகிறது. கோப்பெருஞ்சிங்கன் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர் சகலபுவனச் சக்கரவர்த்தி. பட்டத்தை அரசன் அளித்த காலம் போய், பட்டத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் காலம் வந்தது. மூவேந்தவேளான்களின் காலத்தில் அரசன் பெயர் பணியாளர் பெயருக்கு முன் நின்றது. கோப்பெருஞ்சிங்கன் பெயரில் வேறு அரசன் எவனுமில்லை.

8. இன்றைய வினா

இவ்வாராய்ச்சி பழம்பொருளைப் பற்றியது மட்டுமன்று. பல்லவராயர், காலிங்கராயர், தொண்டைமான் போன்ற பெயர்கள் காவிரிப் படுகையில் இன்றும் குடும்பப் பட்டங்களாக வழங்குகின்றன. திருமண அழைப்பிதழ்களிலும் திருவிழாப் பதாகைகளிலும் அவை இடம்பெறுகின்றன. பட்டத்தைக் காட்டிச் சோழ அரசகுலத் தொடர்பை நிறுவும் முயற்சிகள் பல சமூகங்களிடையே உள்ளன. அதே பட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சமூகங்கள் உரிமை கோருவதும் உண்டு.

மேற்கண்ட சான்றுகளின் அடிப்படையில் இரண்டு எச்சரிக்கைகள் தேவைப்படுகின்றன. ஒன்று, கல்வெட்டிலுள்ள பட்டத்தைக் கொண்டு அதைப் பெற்றவரின் இன்றைய சாதியை முடிவு செய்தல் கூடாது. பல்லவரையன் என்பது ஒரு பணித்தரத்தின் பெயர். பல ஊர்களையும் பல குடிகளையும் சார்ந்தோர் அதைப் பெற்றனர். மற்றொன்று, இன்றைய குடும்பப் பட்டத்தைக் கொண்டு பழைய அதிகாரி ஒருவரைத் தம் முன்னோராகக் கொள்ளுதல் கூடாது. மும்முடிச்சோழப் பிரமமாராயனின் சொந்த மகனுக்கே அப்பட்டம் இறங்கவில்லை; ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து அது இறங்கியது என்பதற்குத் தனிச்சான்று வேண்டும். இடைக்காலத்தில் விசயநகர, நாயக்க, மராத்திய ஆட்சிகளும் பாளையக்காரர்களும் இதே சொற்களைப் புதிதாகப் பலருக்கு வழங்கினர். திருமலைராயன்பட்டினத்தின் 'ராயன்' சோழர் அளித்ததன்று என்பதே இதற்கு அண்மையிலுள்ள எடுத்துக்காட்டு.

9. முடிவுரை

பிரஞ்சு நாட்டுத் தேசிய மன்றம் 1790ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் பரம்பரைப் பிரபுத்துவத்தை ஒழித்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 18ஆம் உறுப்பு, அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடை செய்தது. பிரஞ்சு நாட்டின் ஆட்சியிலும் பின்னர் இந்தியக் குடியரசிலும் இருந்த காரைக்கால் இவ்விரு மரபுகளையும் அறிந்த நிலம். இவ்விரு சட்டங்களும் ஒன்றல்ல. முன்னையது பிறப்பால் வரும் உயர்வை நீக்கியது. பின்னையது அரசு அளிக்கும் உயர்வை நிறுத்தியது. சோழர் காலப் பட்டங்கள் இவற்றுள் இரண்டாம் வகையைச் சார்ந்தவையாகத் தொடங்கி, முதல் வகையை நோக்கி நகர்ந்தவை.

அந்நகர்வே சோழ அரசின் வலிமைக்கும் தளர்வுக்கும் அளவுகோலாகிறது. அரசன் ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பட்டம் அளித்த காலத்தில் ஆனைமங்கலத்து 97 வேலி நிலத்தின் வருவாய் நாழிக் கணக்கில் பதிவாயிற்று. பட்டமும் அதன் பயனும் குடிகளிடம் தங்கிய காலத்தில் அரசனே சிறைப்பட்டான். அரசாணையை எழுதிய விளத்தூர் கிழவன் அமுதன் தீர்த்தகரனுக்குப் பட்டமில்லை; எனினும் அவர் பெயர் செப்பேட்டில் நிலைத்துள்ளது. பெயர்களை ஆராயும்போது பட்டத்தோடு நில்லாது, ஊர், இயற்பெயர், பதவி ஆகிய பிற உறுப்புகளையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். காரைக்கால் பகுதிக் கல்வெட்டுகளில் இடம்பெறும் ஆட்பெயர்களை இம்முறையில் பகுத்து, அண்டையிலுள்ள நாகை, மயிலாடுதுறைப் பகுதிச் சான்றுகளோடு ஒப்பிடுவது அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.